உன் அய்யாவின் வண்டி நம்பர்

முனீசு, என் மகனே,

இந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே மூன்று நாளாக நின்றுகொண்டிருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள் நான், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நேரில் பேசிவிடலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அடுத்த வாரம் நீயும் உன் மனைவியும் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுகிறீர்கள். அதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினேழு வருடமாக இந்த ஊரில் யாரிடமும் சொல்லாதது அது. உன் பெரியம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாம் ராமேசுவரத்துக்குப் போனோமே, பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். உன் மனைவி கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ மட்டும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கிரிக்கெட் ஆடுகிற பையன்களின் முகங்கள் வரிசையாக இருந்தன. நீ ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாய்.

"என்னலே அது?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லம்மா. பதினோரு பேர எடுத்து நாமளே டீம் போடுறது. நாம எடுத்தவன் நல்லா ஆடுனா காசு வரும்."

"இதத் தடை பண்ணிட்டாங்கன்னு டிவியில சொன்னாங்களே?"

"அதுக்கெல்லாம் வேற வழி இருக்கும்மா. அம்பது ரூவாதான். டீக்காசு. ஆஸ்திரேலியாவுல பாரு, தெருவுக்குத் தெரு மிஷினே வச்சிருக்காய்ங்களாம். நம்ம ஊருலதான் ஒளிஞ்சு ஆட வேண்டியிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் மனைவியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு கோயிலில் தீர்த்தமாடப் போனோம். ஒவ்வொரு கிணற்றிலும் வாளித் தண்ணீர் தலையில் விழ விழ, நீ சிவசிவா என்று சொல்லிக்கொண்டு எனக்கு முன்னால் போனாய். நான் சாமியை நினைக்கவில்லை. இருபத்திரண்டு தீர்த்தம், பஸ் டிக்கெட்டின் கடைசி இரண்டு எண், இரண்டையும் சேர்த்தால் நாலு எண் ஆயிற்று என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நான் அதை விட்டுப் பதின்மூன்று வருடம் ஆகிறது. ஈரச் சேலையோடு அந்தப் பிரகாரத்தில் நின்றபோது எனக்கு உடம்பு நடுங்கியது. "குளிருதாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது நான் சிங்கப்பூருக்குப் போனேன். அடுத்தடுத்து இரண்டு வருடம் மிளகாய் மழையில் அழுகிப்போனது. உன் அய்யா கூலிக்கு லோடு வண்டி ஓட்டினார். அது வட்டிக்கே சரியாகப் போனது. அதனால்தான் போனேன். எட்டாவது மாடியில் ஒரு சீனக் குடும்பம். வீட்டு எசமானி பேங்கில் வேலை பார்த்தாள். அவளுடைய தாய்க்குக் கால் நடக்க வராது, சர்க்கரை வியாதி வேறு. அவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பெரிய மேடம் என்று கூப்பிடுவேன். நல்ல மனுசி, முனீசு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீ அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது. நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் அவர் கிண்ணத்தைத் தொட மாட்டார்.

அந்த ஊரில் நாலு நம்பர் என்று ஒரு சீட்டு உண்டு. அரசாங்கம் அனுமதித்தது, ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவே அதற்கு ஒரு கடை. வாரத்தில் மூன்று நாள் குலுக்கல். நாலு எண்ணை எழுதிக் கொடுத்துக் காசு கட்ட வேண்டும், அவ்வளவுதான். கிழவர்கள், ஆபீசுக்குப் போகிறவர்கள், கட்டட வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பெரிய மேடம் நம்பரை எதிலிருந்தும் எடுப்பார். கீழே ஆம்புலன்ஸ் வந்தால் அதன் நம்பர். யாராவது இறந்தால் அவர் வயதும் வீட்டு எண்ணும். கனவில் பாம்பு வந்தால் இன்ன நம்பர், மீன் வந்தால் இன்ன நம்பர் என்று பார்க்க ஒரு சின்னப் புத்தகம் வைத்திருந்தார். காலையில் நான் ஊசி போடப் போனால் முதல் கேள்வியே, "நேத்து என்ன கனா கண்டே?" என்பதுதான். நான் ஆட்டைக் கண்டேன், மாமரத்தைக் கண்டேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோசம்.

அங்கே இருந்த வருடங்களில் பல நாட்டுச் சனத்தோடு பழகினேன். பக்கத்து வீட்டில் வேலை பார்த்த ரோசி பிலிப்பைன்ஸ்காரி. அவளுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராகச் சேவல் கட்டுக்குப் போய்விடுவாராம். இவள் அனுப்பிய காசு சேவலுக்குத் தீனியாகவும் பந்தயமாகவும் போனது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள், கண் மட்டும் சிரிக்காது. நம் ஆட்கள் கூடுகிற தேக்கா கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார், அவர்கள் வழக்கப்படி காக்கா என்று கூப்பிடுவோம். அவர் கடையில்தான் நான் ஊருக்குப் பணம் அனுப்புவேன். சிங்கப்பூர் வருவதற்கு முன்னால் துபாயில் இருந்தவர். "எங்களுக்கு இது ஹராம்மா, நான் கைல தொட்டதில்ல" என்பார். "ஆனா ஒரு கூத்தக் கேளு. துபாய்ல சூதாட்டமே கெடையாதும்பாக. எங்க ரூம்ல பத்துப் பேரு சேந்து மாசாமாசம் பரிசுக் கூப்பன் வாங்குவாக. கேட்டா, அது சூதாட்டம் இல்ல, கூப்பன்ங்கிறது. நாலு பேரு மலையாளத்தான், ஊருல லாட்டரிச் சீட்டு வாங்கிப் பழகுனவன். ஊரு மாறுனா பேரு மாறுது, அம்புட்டுத்தான்."

காக்கா சொன்னது முழுக்கச் சரியில்லை என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. பேர் மட்டும் மாறவில்லை, கனமும் மாறுகிறது. பெரிய மேடம் வாங்கிய சீட்டின் விலைதான் நான் வாங்கிய சீட்டுக்கும். அவருக்கு அது ஒரு கட்டுக் கீரைக் காசு. எனக்கு அது ஊரில் நீ ஒரு நாள் சாப்பிடுகிற சோறு. அந்த நாட்டுக்காரர்கள் சம்பாதித்ததில் ஓரத்தைக் கிள்ளி ஆடினார்கள். எங்களைப் போன்றவர்கள் நடுவிலிருந்து பிய்த்துக் கொடுத்தோம். அங்கே பெரிய சூதாட்ட மாளிகைகளும் உண்டு. அந்த ஊர்க்காரன் உள்ளே போக வேண்டுமானால் வாசலிலேயே பெரிய தொகை கட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரன் பாஸ்போர்ட்டைக் காட்டினால் சும்மாவே விடுவார்கள். இதை ரோசி சொன்னபோது பரவாயில்லையே, நமக்கு இலவசமா என்று சிரித்தேன். தன் பிள்ளைகளை வாசலில் மறித்துவிட்டு நம்மை மட்டும் உள்ளே கூப்பிடுகிறார்களே என்று யோசிக்க எனக்கு வருடங்கள் ஆயின.

உனக்குப் பத்து வயது நடந்தபோது ஒரு மத்தியானம், உன் பெரியப்பா போன் செய்தார். உன் அய்யா கீழக்கரைக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு பைக்கில் திரும்பியபோது, ஏர்வாடி விலக்கில் ஒரு வேன் மோதிவிட்டது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அழுதேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததும், அதை நான் துணியால் துடைத்துக்கொண்டே இருந்ததும்தான் ஞாபகம். எசமானி ஓடி வந்து அன்றைக்கே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். நான் பெட்டியில் துணியை வைத்துக்கொண்டிருந்தபோது பெரிய மேடம் தடியை ஊன்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். துக்கத்துக்குக் கொடுக்கும் வெள்ளை உறையை என் கையில் வைத்து மூடினார். பிறகு மெல்லக் கேட்டார், "உன் புருசன் வண்டி நம்பர் என்ன?"

போலீசுக்கோ இன்சூரன்சுக்கோ கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். அந்த நாலு எண்ணை இங்கே எழுத மாட்டேன். உனக்கே தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உன்னை ராமநாதபுரத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். போன அன்றைக்கே பெரிய மேடம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சிவப்பு உறை ஒன்றைக் கொடுத்தார். நான் புறப்பட்ட வாரமே அந்த நம்பர் முதல் பரிசாக விழுந்திருக்கிறது. எனக்காகவும் ஒரு பங்கு போட்டு வாங்கியிருந்தாராம். என் இரண்டு வருடச் சம்பளத்துக்கு மேலே இருந்தது. "இது நான் குடுக்கல. உன் புருசன் உனக்குக் குடுத்துட்டுப் போனது" என்றார். முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அந்த உறையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். நான் எறியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது கும்பிட்டேன், முனீசு.

நம் வீட்டுக் கான்கிரீட் கூரை அந்தப் பணம்தான். பிற்பாடு நீ பாலிடெக்னிக்கில் ஏசி மெக்கானிக் படித்ததும், அதிலிருந்து மிச்சம் பிடித்து உன் பெரியம்மா பேரில் போட்டு வைத்த பணத்தில்தான். எசமானி முன்பணம் கொடுத்தாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். உன் கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்து, "எங்கம்மா பாத்திரம் கழுவிக் கழுவி என்னைய ஆளாக்குனாக" என்று சொன்னாயே, எல்லாரும் கை தட்டினார்களே, அப்போது நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போனது அழுவதற்காக இல்லை. அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அதோடு நின்றிருந்தால் ஒரு பாவத்தோடு போயிருக்கும். அடுத்த மாதமே நான் தனியாகப் போய் வரிசையில் நின்றேன். முதலில் அதே நம்பர்தான். உன் அய்யா இன்னும் கொடுப்பார் என்று தோன்றியது. அது விழவில்லை என்றதும் அவர் இறந்த தேதி, பிறகு உன் பிறந்த நாள், பிறகு அவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் நம்பர். அந்த ஆம்புலன்ஸ் நம்பரை எப்படித் தெரிந்துகொண்டேன் தெரியுமா? உன் பெரியப்பாவுக்குப் போன் செய்து, இன்சூரன்சுக்கு வேணும் என்று பொய் சொல்லிக் கேட்டேன். இடையிடையே சின்னத் தொகை விழும். அதற்காகவே அடுத்த வாரம் இரண்டு மடங்காகப் போகும். ஊருக்கு அனுப்புவது குறைந்தது. சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். எட்டாம் வகுப்பில் எல்லாப் பையன்களும் சுற்றுலா போனபோது நீ மட்டும் வீட்டில் இருந்தாயே, அந்தக் காசு சீட்டாகிக் குப்பைத் தொட்டிக்குப் போனது.

நடுவில் ஊருக்கு வந்தபோது உத்தரகோசமங்கைக்குப் போய்ச் சாமி முன்னால் கற்பூரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். திரும்பிப் போன மூன்றாம் நாள் வரிசையில் நின்றேன்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. உன் அய்யா அடிக்கடி என் கனவில் வருவார். அதே நீலச் சட்டை, கக்கத்தில் துண்டு. வாசலில் நின்று ஏதோ பேசுவார். பெண்டாட்டி என்றால் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும் இல்லையா? நான் அவர் சட்டையில் எத்தனை பொத்தான் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். வாசல் கதவில் என்ன நம்பர் என்று எட்டிப் பார்ப்பேன். விழித்ததும் புத்தகத்தைத் தேடுவேன். நாலு வருடம் அந்த மனுசன் வந்து வந்து பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. அதற்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார். இன்றைக்கு அவர் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு வரவில்லை, முனீசு. நம்பர் மட்டும் வருகிறது. பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்லக் கூசுகிறது.

உனக்குப் பதினாலு வயதில் டெங்கு வந்து ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உன் பெரியம்மா போன் செய்தாள்.

"ஏண்டி, பயலுக்கு ரத்தத்துல அணு கொறஞ்சுக்கிட்டே போகுதுங்கிறாக. நான் அங்கனயேதான் கெடக்கேன். நீ பதறாத. இன்னும் ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்றாரு."

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எந்த வார்டுக்கா? கட்டில் நம்பர் என்ன?"

நர்சிடம் போன் போட்டுக் கேட்பதற்காக நான் கேட்கிறேன் என்று நினைத்து அக்கா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எழுதிக்கிட்டியாடி?" என்றாள். எழுதிக்கொண்டேன். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன். வரிசையில் நின்றேன். காசு கட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து கோழிக் கடைக்கு எதிரே கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயங்காலம் குலுக்கல். இந்த நம்பர் விழ வேண்டும், இந்த நம்பர் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவர் தன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அதை ஒரு தட்டுத் தட்டினார். ஏனோ அப்போதுதான், முன்னால் என் நம்பர் எப்போது விழுந்தது என்று நினைவு வந்தது. வண்டி நம்பர் விழுந்தது அந்த வண்டியில் போனவர் செத்த பிறகு. கட்டில் நம்பர் விழ வேண்டும் என்றால்? நான் எதை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

அந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். கோழிக் கடைக்காரன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான். சீட்டைக் கிழித்துப் போட்டேன். பைப்பில் உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், மை போகவே இல்லை. வீட்டுக்கு ஓடிப் போய்ப் பெரியம்மாவுக்குப் போன் செய்து, உன் காதில் வைக்கச் சொன்னேன். "அம்மா, எப்ப வாரே?" என்று கேட்டாய். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அதைத் தவிர நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் இந்தத் தடவை கேட்டேன், முழுசாகக் கேட்டேன்.

அன்றைக்கு என்ன நம்பர் விழுந்தது என்று இன்று வரை நான் பார்க்கவில்லை.

பெரிய மேடத்திடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எம் புருசன் செத்தப்பவும் நான் நம்பர் வாங்குனேன். அவர் கல்லறை நம்பரும் வாங்குனேன். முப்பது வருசம் ஆச்சு. அவர் ஒரு தடவையும் எனக்குக் குடுக்கல" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் கனவு கேட்பதை நிறுத்திவிட்டார். மறு வாரம் கீழக்கரைக் காக்காவிடம் போய், என் சம்பளம் இனி உங்கள் கைக்கு வரும், அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுங்கள், நான் கெஞ்சினாலும் என் கையில் கொடுக்காதீர்கள் என்றேன். காரணம் கேட்கவில்லை அவர். நான் மூன்று தடவை போய்க் கெஞ்சினேன். மூன்று தடவையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் திருந்தியது இப்படித்தான். என் மனசு உறுதியால் இல்லை.

இப்போது நீ போகிற நாட்டைப் பற்றிக் கேட்டு வைத்திருக்கிறேன். காக்காவின் அக்கா மகன் அங்கேதான் டாக்சி ஓட்டுகிறான். சாப்பாட்டுக் கிளப்பிலேயே ஒரு பக்கம் மிஷின்கள் வரிசையாக இருக்குமாம். சன்னல் இருக்காது, கடிகாரம் இருக்காது, குளிராக, பாட்டுச் சத்தத்தோடு இருக்குமாம். உலகத்திலேயே ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் அதிகமாகச் சூதாட்டத்தில் விடுகிறவர்கள் அந்த நாட்டுக்காரர்கள்தான் என்று பேப்பரிலும் படித்தேன். அவர்களிடம் விடுவதற்கு இருக்கிறது. விட்ட பிறகு போய் விழ ஒரு வீடும், ஒரு உதவித்தொகையும் இருக்கும். உனக்கு அங்கே என்ன இருக்கிறது? அந்த ஊர்க்காரன் சிரித்துக்கொண்டு போடுகிற காசைப் பார்த்து நீயும் போடாதே. அவன் சம்பளம் உனக்கும் கிடைக்கலாம். அவன் நிற்கிற தரை உனக்குக் கிடையாது.

உன்னிடம் சத்தியம் கேட்க மாட்டேன். கற்பூரத்தின் மேல் கை வைத்துச் செய்த சத்தியத்தை மூன்று நாளில் விழுங்கியவள் நான். இதைப் படித்த பிறகு இந்தக் கூரையைப் பார்க்க உனக்குப் பிடிக்காமல் போகலாம். என்னோடு பேசப் பிடிக்காமலும் போகலாம். அது உன் இஷ்டம். உன் மனைவியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொன்னால் நல்லது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அந்த ஒருவரை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று மட்டும் செய். அங்கே போய் எப்போதாவது காசு வைத்து ஆடித் தோற்றுவிட்டால், எவ்வளவு என்றாலும், எனக்குப் போன் செய்து சொல். நான் திட்ட மாட்டேன், அழ மாட்டேன். உடனே சொல்ல வெட்கமாக இருந்தால் இரண்டு நாள் கழித்துச் சொல், பரவாயில்லை.

ஆனால் ஜெயித்துவிட்டாய் என்றால், முனீசு, அந்த நிமிசமே கூப்பிடு.

உன் அம்மா